சிமுலேஷன் லேபில் சிரிப்பும் "பார்ப்பேன் மேம்" என்ற பதிலும்: யாராவது வழி சொல்லுங்கள்

குற்றாலச்சாரல் (கேள்வி)

வணக்கம். தென்காசிப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் மெட்-சர்ஜ் (மருத்துவ, அறுவை சிகிச்சை நர்சிங்) டியூட்டராக இருக்கிறேன். இதற்கு முன்னால் ஐ.சி.யூ.வில் ஸ்டாஃப். டீச்சிங்குக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை.

எங்கள் சிமுலேஷன் லேபில், அதாவது நிஜ வார்டு மாதிரி அமைத்துப் பழகும் அறையில், பெரிய விலை கொடுத்து வாங்கிய மேனிகின் (நோயாளி பொம்மை) ஒன்று இருக்கிறது. மூச்சு விடும், கண் சிமிட்டும், நாடி தெரியும். அடுத்த அறையிலிருந்து மைக்கில் நாம் பேசினால் அதன் வாயிலிருந்து குரல் வரும். கம்பெனி இன்ஜினியர் வந்து டெமோ காட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும்தான் உறையை எடுக்கிறோம். செமஸ்டர் முறை வந்த புது சிலபஸில் சிமுலேஷனைப் பாடத்திலேயே சேர்த்துவிட்டார்கள். அதனால் இந்த முறை உண்மையிலேயே நடத்த வேண்டும் என்று பிரின்சிபால் என் தலையில் கட்டியிருக்கிறார்.

மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளை வைத்து ஒரு முறை நடத்தினேன். மேனிகினோடு வந்த ரெடிமேட் கேஸ்தான்: ஒரு வெள்ளைக்காரப் பெயர், தனி அறை, நெஞ்சு வலி. மேனிகின் "அம்மா, வலிக்குது" என்றதும் பாதிப் பேர் குபீரென்று சிரித்துவிட்டார்கள். முன்னால் நின்ற பெண் நன்றாகப் படிக்கிறவள். "பி.பி. பார்ப்பேன் மேம், ஆக்சிஜன் கொடுப்பேன் மேம், டாக்டருக்கு இன்ஃபார்ம் பண்ணுவேன் மேம்" என்று வரிசையாகச் சொன்னாளே தவிர, கை இரண்டும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. கடைசியில் எது சரி, எது தப்பு என்று நானே இருபது நிமிடம் பேசி முடித்தேன்.

இதை எப்படி உருப்படியாக நடத்துவது? வகுப்பில் 60 பேர். டியூட்டர்கள் நானும் இன்னொருவரும்தான். அப்புறம், மேனேஜ்மென்ட் தரப்பில் "இவ்வளவு செலவு பண்ணியாச்சு, ஹாஸ்பிட்டல் போஸ்டிங்கைக் குறைத்துக்கொள்ளலாமே" என்று ஒரு பேச்சும் ஓடுகிறது. அதற்கு என்ன பதில் சொல்வது?

வார்டு இன்சார்ஜ்

கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. எங்கள் வார்டுக்கு நான்கு கல்லூரிகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். பெட்பேன் வைக்கத் தயங்குகிறார்கள், பேஷண்ட் முகத்தைப் பார்த்துப் பேச வரவில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து கேர் பிளான் எழுதுகிறார்கள். இவர்களுக்கு வேண்டியது வார்டு, பொம்மை இல்லை. நாங்கள் படித்த காலத்தில் மேனிகின் என்றால் பெட் மேக்கிங்குக்குப் படுத்திருக்கும் ஒரு டம்மி. அவ்வளவுதான். வேலையெல்லாம் பேஷண்டிடம்தான் கற்றோம்.

லேபர் வார்டு அக்கா

சாரல், அந்தப் பெண்ணின் கை முதுகுக்குப் பின்னால் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு என் லேபே கண் முன்னால் வந்துவிட்டது. நான் பல வருடம் பிரசவ வார்டில் இருந்துவிட்டு டீச்சிங்குக்கு வந்தவள். இப்போது சிமுலேஷன் லேப் என் பொறுப்பில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"பார்ப்பேன் மேம்" என்பது அந்தப் பிள்ளையின் குறை இல்லை. முதல் வருடத்திலிருந்து வைவாவில் வாயால் சொன்னதற்கு நாம்தான் மார்க் போட்டு வந்திருக்கிறோம். எக்ஸாமினர் முன்னால் வரிசை தப்பாமல் சொன்னால் பாஸ். அந்தப் பழக்கத்தோடுதான் அவள் உங்கள் கட்டில் பக்கத்தில் வந்து நிற்கிறாள். என் லேபில் இதற்கு ஒரே விதி: செய்தால்தான் நடந்தது. பி.பி. பார்ப்பேன் என்றால் மானிட்டரில் எதுவும் வராது, கஃப் கட்டினால் வரும். கை கழுவுவேன் என்றால் குழாய் வரை நடக்க வேண்டும். டாக்டரிடம் சொல்வேன் என்றால் மேஜையில் இருக்கும் போனை எடுக்க வேண்டும். அந்தப் பக்கம் என் சக டியூட்டர் தூக்கக் கலக்கக் குரலில் "எந்தப் பேஷண்ட்? என்ன கேஸ்? சீக்கிரம் சொல்லுங்க" என்பார். பாதிப் பிள்ளைகளுக்கு அங்கேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எஸ்-பார் (நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்று டாக்டரிடம் சொல்லும் முறை) வரிசையை வகுப்பில் மனப்பாடமாக ஒப்பித்தவர்கள் "சார், பேஷண்ட் நல்லா இல்ல சார்" என்பதோடு நின்றுவிடுவார்கள். அது நல்லதுதான். வார்டில் நிற்பதற்கு முன்னால் இங்கே நின்றுவிட்டுப் போகட்டும்.

சிரிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பதற்றத்தில் வருவது அது. கேஸ் ஆரம்பிக்கும் முன் கால் மணி நேரம் அவர்களை மேனிகினோடு விட்டுவிடுங்கள். நாடி எங்கெங்கே கிடைக்கும், மூச்சு சத்தம் எந்த இடத்தில் கேட்கும், ஊசியை எந்தக் கையில் மட்டும் போடலாம் என்று தொட்டுப் பார்க்கட்டும். தோல் குளிர்ந்திருப்பது, வெளிறியிருப்பது போன்றவற்றை மேனிகின் காட்டாது என்றால், "அதை மட்டும் நான் சொல்வேன், மற்றதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மார்க் கிடையாது, இங்கே நடந்ததை ஹாஸ்டலில் பேசக் கூடாது, வீடியோ எடுத்தால் வாட்ஸ்அப்புக்குப் போகாது. இந்த மூன்றையும் வாயைத் திறந்து உறுதி கொடுங்கள். சிரிக்க வேண்டியதை அந்தக் கால் மணி நேரத்தில் சிரித்து முடித்துவிடுவார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். அந்த ரெடிமேட் கேஸை ஓரமாக வையுங்கள். தனி அறையில் தனியாகப் படுத்திருக்கும் பேஷண்டை உங்கள் பிள்ளைகள் எந்த வார்டில் பார்க்கப்போகிறார்கள்? நம் ஊரில் கட்டிலுக்கு ஒரு ஆள் கூடவே இருப்பார். மாமியார், அண்ணன், பக்கத்து வீட்டு அக்கா என்று யாராவது. ட்ரிப்ஸ் முடிந்ததை முதலில் சொல்வதும் அவர்தான், நம்மைத் தடுமாற வைப்பதும் அவர்தான். வெளியிலிருந்து வரும் எந்த கேஸிலும் அவருக்கு இடம் இல்லை. அவரைக் கொண்டுவந்து கட்டில் பக்கம் ஸ்டூலில் உட்கார வைத்தால் உங்கள் மேனிகினுக்குத் தானாக உயிர் வந்துவிடும்.

நான் வழக்கமாக நடத்தும் ஒன்றைச் சொல்கிறேன். பிரசவமாகி இரண்டாம் நாள், 24 வயதுப் பெண், ஹீமோகுளோபின் 6.8, பேக்டு செல் (பிரித்தெடுத்த சிவப்பணு ரத்தம்) ஏறிக்கொண்டிருக்கிறது. ரத்தம் ஆரம்பித்துப் பத்து நிமிடம். மாணவி உள்ளே வரும்போது பேஷண்டுக்கு நடுக்கம், இடுப்பு வலி என்கிறாள். பக்கத்தில் மாமியார், அது இன்னொரு மாணவி. அவளிடம் இரண்டே இரண்டு வசனம் கொடுத்திருப்பேன். முதல் வசனம்: "பிள்ளைக்குக் குளிருது சிஸ்டர், அந்த ஃபேனை நிறுத்திட்டு ஒரு போர்வை குடுங்க."

பத்துக்கு ஏழெட்டு குழுக்கள் ஃபேனை நிறுத்தப் போகும். போர்வை தேடும். ரத்தம் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும். டிரான்ஸ்ஃபியூஷன் ரியாக்‌ஷன் (ஏற்றும் ரத்தத்துக்கு உடல் காட்டும் எதிர்வினை) என்றால் முதல் வேலை ரத்தத்தை நிறுத்துவது என்று அத்தனை பேருக்கும் தெரியும், தேர்வில் எழுதியும் இருப்பார்கள். ஆனாலும் கை போவது ஃபேன் சுவிட்சுக்குத்தான்.

யாராவது கிளாம்பை மூடிவிட்டால் மாமியாரின் இரண்டாவது வசனம் வரும்: "ஏன் நிறுத்துறீங்க? ஆள் பிடிச்சு, கெஞ்சிக் கொடுத்த ரத்தம் அது!" இதற்கு அந்தப் பிள்ளை தமிழில் பதில் சொல்ல வேண்டும். "ஹீமோலைசிஸ்" (சிவப்பணுக்கள் சிதைவது) என்று ஆரம்பித்தால் மாமியார் இன்னும் சத்தம் போடுவாள். பதில் சொல்லிக்கொண்டே பழைய செட்டைக் கழற்றி, புது செட்டில் நார்மல் சலைன் போட்டு வெயினைக் காப்பாற்ற வேண்டும். வைட்டல்ஸ் எடுக்க வேண்டும், டாக்டருக்கு போன் செய்ய வேண்டும், பையில் இருக்கும் பெயரையும் நம்பரையும் கேஸ் ஷீட்டோடு மறுபடி ஒப்பிட வேண்டும். பையையும் செட்டையும் குப்பையில் போடாமல் பிளட் பேங்குக்கு அனுப்ப எடுத்து வைக்க வேண்டும். எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம். இதற்கு விலை உயர்ந்த மேனிகின் அவசியமே இல்லை. ஒரு டியூட்டர் போர்வைக்குள் படுத்து நடுங்கினாலும் போதும். கையில் ஊசி குத்தாமல், குழாயை ஸ்லீவுக்குள் விட்டு ஒரு பாட்டிலில் சேர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். மனிதரையே நோயாளியாகப் பழக்கி மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் வழக்கத்தை 1963லேயே அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தொடங்கிவிட்டார்.

கேஸ் முடிந்ததும் நீங்கள் இருபது நிமிடம் பேசியதாக எழுதியிருந்தீர்கள். அந்த நேரம் பிள்ளைகளுடையது. டிப்ரீஃபிங், அதாவது நடந்ததைப் பற்றி உட்கார்ந்து பேசுவது, கேஸைவிட நீளமாக இருக்க வேண்டும். நான் பன்னிரண்டு நிமிடத்துக்கு அரை மணி ஒதுக்குவேன். கட்டில் பக்கம் வேண்டாம், வேறு அறைக்குப் போய் வட்டமாக உட்காருங்கள். முதல் கேள்வி "எப்படி இருந்தது?" மட்டும்தான். அழுகிறவள் அழட்டும், கோபப்படுகிறவள் படட்டும். அதற்கப்புறம் என்ன நடந்தது என்பதை அவர்களே சொல்லட்டும். பிறகு நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றை எடுத்து வையுங்கள். "நீ ஃபேனை நிறுத்தப் போனதைப் பார்த்தேன், ரத்தம் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது கவலையாக இருந்தது. அந்த நேரத்தில் உன் மனதில் என்ன ஓடியது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நமக்கு அதுதான் கஷ்டம். பத்து விநாடி அமைதி நம்மால் தாங்க முடியாது, உடனே பதிலை நாமே எடுத்துக் கொடுத்துவிடுவோம்.

அப்படிக் காத்திருந்தபோது ஒரு பிள்ளை சொன்னது: "ரியாக்‌ஷன்னு தெரிஞ்சிது மேம். ஆனா அவங்க பேச்சைக் கேட்கலைன்னா கத்துவாங்க. போஸ்டிங்ல அப்படிக் கத்தி, சிஸ்டர் என்னைத்தான் திட்டினாங்க." அவளுக்கு இருந்தது பாடக் குறை இல்லை, பயம். இதைத் தெரிந்துகொள்ளாமல் டிரான்ஸ்ஃபியூஷன் ரியாக்‌ஷன் பாடத்தை நான் மறுபடி நடத்தியிருந்தால் என்ன பிரயோஜனம்? அன்றைக்கு மீதி நேரம் முழுக்க, கூட இருப்பவரிடம் ஒரே வரியில் என்ன சொல்லலாம் என்பதைத்தான் பேசினோம். "ஃபேனை நீங்க நிறுத்துங்கம்மா, நான் ரத்தத்தைப் பார்க்கிறேன்." அதை ஒரு மாணவிதான் கண்டுபிடித்தாள். மாமியாருக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது!

60 பேர் கணக்கு கடினம்தான். ஒரு கேஸில் நான்கு பேருக்கு மேல் விடாதீர்கள்: இரண்டு நர்ஸ், ஒரு உறவினர், பொருள் எடுத்துவர ஓடும் ரன்னர் ஒருவர். மீதிப் பேர் அடுத்த அறையில் வீடியோவில் பார்க்கட்டும், ஆனால் சும்மா இல்லை. ஒருவர் கைகளை மட்டும் கவனிப்பார். இன்னொருவர் எந்த நிமிடத்தில் எது நடந்தது என்று குறிப்பார். ஒருவருக்கு பேஷண்டிடம் பேசிய தமிழை மட்டும் எழுதும் வேலை. டிப்ரீஃபிங்கில் இந்தச் சீட்டுகள் உங்கள் பேச்சைப் பாதியாகக் குறைத்துவிடும். எல்லாரும் எல்லா கேஸும் செய்ய முடியாது. ஒரு செமஸ்டரில் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது கட்டில் பக்கம் நிற்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்சார்ஜ் சிஸ்டருக்கு: பெட்பேனும் முகம் பார்த்துப் பேசுவதும் வார்டில்தான் வரும், அதில் எனக்கு வேறு கருத்தே இல்லை. ஆனால் பேஷண்ட் திடீரென்று மோசமாகும்போது நாம் மாணவர்களிடம் என்ன சொல்கிறோம்? "ஓரமா நில்லுங்க." சொல்லித்தான் ஆக வேண்டும், உயிர் விஷயம். ஆக, கோர்ஸ் முழுக்க ஓரமாக நின்றவள் வேலையில் சேர்ந்த முதல் மாதமே நைட் டியூட்டியில் அதே நிலைமையில் தனியாக நிற்கிறாள். அந்த இடைவெளிக்குத்தான் சிமுலேஷன். நீங்கள் சொன்ன டம்மியும் லேசுப்பட்டதில்லை. 1911ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனை நர்சிங் பள்ளிக்காக மார்த்தா சேஸ் என்ற பொம்மை செய்யும் அம்மாள் ஆள் உயரத்துக்குச் செய்து கொடுத்ததில் தொடங்கிய பரம்பரை அது.

மேனேஜ்மென்ட்டுக்கான பதில்: அமெரிக்காவில் மாநில நர்சிங் வாரியங்களின் தேசிய கவுன்சில் 10 கல்லூரிகளில் நடத்திய ஆய்வு 2014ல் வெளியானது. கிளினிக்கல் நேரத்தில் 25% சிமுலேஷன் செய்தவர்களுக்கும், 50% செய்தவர்களுக்கும், வழக்கமான போஸ்டிங் போனவர்களுக்கும் கடைசியில் அறிவிலோ திறமையிலோ லைசென்ஸ் தேர்விலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இந்த ஒரு வரியைத்தான் எல்லாரும் எடுத்துக் காட்டுவார்கள். அங்கே டிப்ரீஃபிங்குக்கு முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள், போதிய ஆளும் கருவியும் இருந்தன. இரண்டு டியூட்டர், 60 பிள்ளைகள் என்ற இடத்தில் அந்த ஆய்வைக் காட்டிப் போஸ்டிங்கை வெட்டுவது நியாயமே இல்லை. "முதலில் நான்கு டியூட்டர் கொடுங்கள், பயிற்சிக்கு அனுப்புங்கள், அப்புறம் பேசலாம்" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு தானாக நின்றுவிடும்.

முதல்_வருட_ஸ்டாஃப்

நான் போன வருடம் பி.எஸ்சி. முடித்தேன், இப்போது கோயம்புத்தூரில் வேலை. அக்கா சொன்ன போன் விஷயம் எனக்கு ரொம்ப உதவியது. டாக்டரைக் கூப்பிடும் முன் பி.பி., பல்ஸ், சாச்சுரேஷனைக் கையிலேயே எழுதிக்கொள்ளும் பழக்கம் லேபில் வந்ததுதான்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் கல்லூரியில் ஒரு கேஸில் மேனிகினைச் சாகவிட்டார்கள். முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. சி.பி.ஆர். செய்துகொண்டே இருந்தோம், மானிட்டரில் நேர்கோடு. "டைம் ஆச்சு, அடுத்த பேட்ச் வாங்க" என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். என் தோழி அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. அவளுடைய அப்பா அதற்குச் சில மாதம் முன்புதான் நெஞ்சு வலியில் இறந்திருந்தார். பொம்மைதானே என்று நினைக்காதீர்கள் மேம்.

லேபர் வார்டு அக்கா

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது தங்கம். இளநிலைப் பிள்ளைகளுக்கு நான் எதிர்பாராத மரணத்தை வைப்பதே இல்லை. அவர்கள் எவ்வளவு தப்பாகச் செய்தாலும் பேஷண்ட் மோசமாவாள், பிறகு டியூட்டி டாக்டர் வந்து பொறுப்பேற்பார், அதோடு நிறுத்திவிடுவேன். "நீ தாமதித்ததால் செத்துவிட்டாள்" என்பது பாடம் இல்லை, தண்டனை. மரணத்தைச் சொல்லித்தர வேண்டும் என்றால் அதற்கென்றே ஒரு கேஸ் வைக்கலாம்: கேன்சர் வார்டு, எதிர்பார்த்த மரணம், வீட்டாரிடம் பேசுவது, உடலை மரியாதையோடு தயார்செய்வது. பேஷண்ட் இறக்கப் போகிறார் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வீட்டில் சமீபத்தில் துக்கம் நடந்தவர்கள் அன்று பார்வையாளராக இருக்கலாம், வராமலும் இருக்கலாம். காரணம் கேட்கக் கூடாது.

வார்டு இன்சார்ஜ்

"ஓரமா நில்லுங்க" என்று நானும் தினம் சொல்கிறேன், மறுக்க மாட்டேன். ஆனால் கூட இருப்பவரைச் சமாளிக்க லேபில் ஒரு வரி கற்றுக்கொண்டு வருவதும், உண்மையிலேயே பத்து பேர் கட்டிலைச் சுற்றிக் கத்தும்போது நிற்பதும் ஒன்றாகிவிடாது. அந்த மாமியார் வேடத்தை மாணவிக்குக் கொடுக்காதீர்கள், அவள் தோழிக்காக விட்டுக்கொடுப்பாள். வார்டிலிருந்து எங்களை யாராவது கூப்பிடுங்கள். உறவினர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

குற்றாலச்சாரல்

அக்கா, சிஸ்டர், எல்லாருக்கும் நன்றி. மாமியார் வேடத்துக்கு எங்கள் பேரன்ட் ஹாஸ்பிட்டலின் மெட்டர்னிட்டி இன்சார்ஜையே கேட்டுவிட்டேன். உடனே ஒத்துக்கொண்டார். "இரண்டு வசனம் போதாதே" என்கிறார்! இன்னும் இரண்டு சந்தேகம். ரத்தப் பைக்கு என்ன ஊற்றுவது? அப்புறம், இந்த கேஸை எந்த வாரத்தில் வைப்பது?

லேபர் வார்டு அக்கா

இன்சார்ஜையே உட்கார வைத்தது நல்ல யோசனை, நானும் செய்யப்போகிறேன். ஆனால் வசனம் இரண்டோடு நிற்கட்டும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே மாதிரி நடந்தால்தான் பேசும்போது ஒப்பிட முடியும். அவரை இஷ்டத்துக்கு விட்டால் கேஸ் அவருடையதாகிவிடும்.

பைக்கு: தண்ணீரில் சிவப்பு ஃபுட் கலர், கொஞ்சம் கறுப்பும் சேர்த்தால் பேக்டு செல் நிறம் வரும். ஆனால் அது மேனிகின் மேல் ஒரு சொட்டுக் கூடப் படக் கூடாது, தோலில் கறை ஏறினால் போகாது. பெட்டாடின், பால்பாயின்ட் பேனா, கீழே விரிக்கும் செய்தித்தாள் மை எல்லாம் அப்படித்தான். அதனால் மேனிகின் என்றால் கலர் தண்ணீரைக் கைக்குள் ஓட விடாதீர்கள், குழாயைக் கைக்குப் பின்னால் ஒரு பாட்டிலில் இறக்கிவிடுங்கள். சலைனுக்கு வெறும் தண்ணீர் போதும். முடிந்ததும் கையில் இருக்கும் தண்ணீரை முழுக்க வடித்து உலரவிட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். பையில் "பயிற்சிக்கு மட்டும், மனிதருக்கு அல்ல" என்று பெரிதாக ஒட்டுங்கள். லேப் பொருள் வார்டு டிராலிக்குள் போய்விடக் கூடாது, இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

வாரம்: ரத்தம் ஏற்றுவது பற்றி வகுப்பு முடிந்து, போஸ்டிங் தொடங்குவதற்கு முந்தைய வாரம். முதல் நாள் இரண்டு குழு மட்டும் வைத்துப் பாருங்கள். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் டிப்ரீஃபிங்கும் முடிந்துவிடும். கேஸ் தாளை நான் தட்டச்சு செய்து இங்கேயே போடுகிறேன். பெயர், ஊர், மருந்து டோஸ் எல்லாவற்றையும் உங்கள் வார்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.